நண்பகலில் பால்வெட்டு

கடந்த தீபாவளிக்கு மறுநாள் மாலை, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டின் முன்னறையில், 84 வயதான என் அம்மா தொலைக்காட்சியைச் சுட்டிக்காட்டி, "தம்பி, நிறுத்து" என்றார். திரையில் ஓடிக்கொண்டிருந்தது 1950களின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டம் ஒன்றில் எடுக்கப்பட்ட 11 நிமிடக் கறுப்பு வெள்ளைப் பிரச்சாரப் படம். வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்று அதைச் சீரமைத்து, எவரும் வீட்டிலிருந்தே பார்க்கும்படி வெளியிட்டிருந்தது. கம்பிவேலிக்குள் தோட்ட மக்கள் பாதுகாப்பாக வாழ்கிறார்கள், விடியற்காலையில் அச்சமின்றி வேலைக்குப் போகிறார்கள் என்று ஓர் ஆங்கிலக் குரல் கனிவோடு சொல்லிக்கொண்டிருந்தது. நான் பொத்தானை அழுத்தினேன். தலையில் துண்டு கட்டிய பெண்ணொருத்தி, பால்மரத்துப் (ரப்பர் மரத்துப்) பட்டையில் கத்தியை வைத்தபடி அசையாமல் நின்றாள்.

"இது விடியக்காலமா? நெழலப் பாரு, காலடியிலயே கெடக்கு. உச்சி வெயில்ல யாரு பால் வெட்டுவா?"

பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருட்டு விலகுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் மரவரிசையான நிரைக்குப் போவது ஏதோ தோட்டத்துத் துரையின் பிடிவாதத்தால் வந்த வழக்கமன்று. குளிர்ந்த வேளையில்தான் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது தளர்ந்து, வெட்டுவாயிலேயே பால் உறைந்துவிடும். நண்பகலுக்குள் மரத்தில் கட்டிய கிண்ணங்களான மங்குகளிலிருந்து பாலை எடுத்து வாளியில் ஊற்றி, காண்டா என்ற தோள்தடியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் எடை போட்டாகிவிடும். ஆனால் அக்காலத்துப் படச்சுருள்களுக்கு நல்ல வெளிச்சம் தேவை. இலைகள் மூடிய நிரையில், விடியாத பொழுதில், அவற்றில் எதுவும் பதியாது. ஆகவே வேலை முடித்து வந்த யாரோ ஒரு பெண்ணை மறுபடியும் மரத்தடிக்கு அழைத்துச் சென்று, சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். விவரணைக்குரல் அதை விடியற்காலை என்கிறது; அந்தப் பெண்ணின் காலடி நிழல் அதை மறுக்கிறது.

இதே படத்தை நான் பத்தாண்டுகளுக்கு முன்பே பார்த்திருந்தேன். அது பலமுறை பிரதியெடுத்துத் தேய்ந்துபோன வீடியோ. அதில் தரை முழுவதும் ஒரே சாம்பல் பூச்சு. நிழல் எது, சருகு எது என்று பிரித்தறிய முடியாது. முகங்கள்கூட வெள்ளைத் திட்டுகளாகத்தான் தெரிந்தன. மூலச் சுருளுக்கு நெருக்கமான பிரதியிலிருந்து புதிதாக வருடி (ஸ்கேன் செய்து) எடுத்த இந்தப் பதிப்பில்தான் அந்த நிழலுக்கு விளிம்பு வந்திருக்கிறது. மாடுகூட எட்டிப் பார்க்காத ஒரு பழம்படத்துக்கு எதற்கு இத்தனை செலவு என்று கேட்கும் நண்பர்களிடம் நான் இப்போதெல்லாம் இந்த நிழலைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அவர்களில் சிலருடைய எதிர்ப்பு வேறு வகையானது. அதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. பொய் சொல்லும் படத்துக்கு எதற்காக முகம் கழுவிப் பொட்டு வைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். 1934ஆம் ஆண்டு நியூரம்பெர்க்கில் நடந்த நாஜிக் கட்சி மாநாட்டை லெனி ரீஃபென்ஸ்டால் படமாக்கி 1935இல் வெளியிட்ட 'டிரையம்ஃப் ஆஃப் தி வில்' அந்தக் கேள்விக்கு எப்போதும் எடுத்துக்காட்டப்படும் படம். அமெரிக்காவில் ஒரு சிறு நிறுவனம் அதை 2K என்ற உயர்தெளிவு அளவில் வருடிச் சீரமைத்து, 2015இல் புளூ-ரே வட்டாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கே நாஜிக் காலத்துப் படங்களில் 40க்கும் மேற்பட்டவை இன்றும் நிபந்தனைப் படங்களாகவே வைக்கப்பட்டுள்ளன. விளக்கவுரையும் கலந்துரையாடலும் இருந்தால்தான் அவற்றைத் திரையிடலாம், வட்டாக வாங்கி வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. இரண்டு நாடுகளில் எது சரி என்று கேட்டால், ரீஃபென்ஸ்டாலின் படத்தைப் பொறுத்தவரை ஜெர்மனியின் அச்சம் நியாயமானது என்றே சொல்வேன். அந்தப் படத்தின் பொய் அதன் அழகுக்குள்ளேயே இருக்கிறது. கீறல்களையும் தூசியையும் நீக்கிவிட்டால் அணிவகுப்பின் மயக்கம் இன்னும் கூடுமே தவிரக் குறையாது.

ஆனால் எங்கள் முன்னறையில் ஓடிய படம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. அதில் பொய் விவரணையில் இருக்கிறது. உண்மை படத்தின் மூலைகளில் சிதறிக் கிடக்கிறது. படம் எடுத்தவர்கள் எதைக் காட்ட நினைத்தார்களோ அதற்குப் பின்னால், அவர்கள் கவனிக்காமல் விட்ட ஒரு வேலிக்கால், ஒரு குழந்தையின் வயிறு, லயத்துத் (தொழிலாளர் வரிசைவீட்டுத்) திண்ணையில் காயும் துணி எல்லாம் பதிந்துவிட்டன. இத்தகைய படத்தைச் சுத்தம் செய்யச் செய்ய மூலைகளுக்கு வலுக் கூடுகிறது. பிரச்சாரப் படம் என்ற ஒரே பெயரை எல்லாவற்றுக்கும் ஒட்டி, சீரமைக்கலாமா கூடாதா என்று ஒரே வாயில் தீர்ப்புச் சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

எங்கள் ஊருக்கு அந்தக் காலத்தோடு உள்ள தொடர்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1948 ஜூன் 16ஆம் நாள் காலை, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் எல்பில் தோட்டத்தின் துரை. அதைத் தொடர்ந்து, காட்டுக்குள்ளிருந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்த 12 ஆண்டுகளில் சுமார் 5 இலட்சம் பேர் புதுக்கிராமங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். தோட்டத்து லயங்களும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு வேலிகட்டிப் பூட்டப்பட்டன. 1946இல் கோலாலம்பூரில் அமைக்கப்பட்ட மலாயா திரைப்படப் பிரிவு, பின்னாளில் பிலெம் நெகாரா என்று பெயர் மாறிய நிறுவனம், இந்தக் காலத்துக்கான படங்களை ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் தயாரித்தது. தகவல் இலாகாவின் பட வண்டிகள் அவற்றைத் தோட்டந்தோட்டமாகக் கொண்டு சென்றன.

அப்படி ஒரு வண்டியில்தான் என் அப்பா எடுபிடியாக வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவை அவர் முதன்முதலில் பார்த்ததே தோட்டத்துத் திடலில் திரை கட்ட மூங்கில் நட்டுக்கொண்டிருந்தபோதுதான் என்று வீட்டில் ஒரு கதை உண்டு; அம்மா இதுவரை அதை ஒப்புக்கொண்டதில்லை. வண்டி வரும் நாளில் மாலையிலேயே பிள்ளைகள் சாக்கு விரித்து இடம் பிடிப்பார்கள். கொசுவர்த்திப் புகை, ஜெனரேட்டரின் உறுமல், வெள்ளைத் துணி. முதலில் செய்திப்படம், பிறகு சுகாதாரம், பிறகு அவசரகாலப் படம், பொறுமையாக உட்கார்ந்திருந்தால் கடைசியில் சிரிப்புப் படத்துண்டு ஒன்று. வினாடிக்கு 24 பிரேம்கள் வீதம் ஓடிய அந்தப் படங்களை யாரும் எழுந்து நிறுத்தச் சொல்ல முடியாது. நிழல் காலடியில் கிடப்பதை அன்றைக்கும் பல பெண்கள் கண்டிருப்பார்கள். அதைப் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வதற்குள் காட்சி மாறியிருக்கும், படம் முடிந்தால் வண்டி அடுத்த தோட்டத்துக்குப் போயிருக்கும்.

வீட்டில் பார்ப்பது என்பதை இந்த விவாதத்தில் பலரும் வசதிக்கான சங்கதியாகவே எண்ணுகிறார்கள்: திரையரங்கு வேண்டாம், சாய்வு நாற்காலி போதும். எனக்கு அது அதிகாரம் கைமாறிய சங்கதியாகத் தெரிகிறது. படம் யாரைப் பற்றி எடுக்கப்பட்டதோ அவர்களில் ஒருத்தியின் கையில் இப்போது நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. (சரியாகச் சொன்னால் பொத்தான் என் கையில்தான் இருந்தது; ரிமோட்டைத் தொட்டால் சேனல் மாறிவிடும் என்று அம்மா அதைத் தொடுவதில்லை.)

அப்பாவிடமிருந்து எங்களுக்கு வந்த சொத்துகளில் ஒரு தகர டப்பாவும் உண்டு. அலுவலகம் கழித்துப் போட்ட பழைய சுருள்களிலிருந்து அவர் எடுத்து வந்த 16 மில்லிமீட்டர் பிரதி அது. மூடியின் மேல் அவர் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: தமிழ். அந்த டப்பா பல ஆண்டுகளாக எங்கள் வீட்டுப் பின்கட்டில், துத்தநாகக் கூரைக்கு அடியில், பரண் மேல் கிடந்தது. அதை அங்கே வைத்தவன் நான். அப்பா காலமான பிறகு ஒருநாள் இறக்கித் திறந்தபோது, சமையலறையிலிருந்து அம்மா, "ஊறுகா கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். அவ்வளவு புளிப்பு நாற்றம்.

அந்த நாற்றத்துக்குக் காரணம் உண்டு. 1950களின் தொடக்கம் வரை 35 மில்லிமீட்டர் படங்கள் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் சுருளில் இருந்தன. தோட்டந்தோட்டமாகச் சுற்றிய 16 மில்லிமீட்டர் படங்களோ எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் சுருளில் வந்தன. தீயிலிருந்து தப்பிய அசிட்டேட்டுக்கு வெப்பமும் ஈரமும் எமன். அவை இரண்டும் சேர்ந்தால் சுருளின் அடிப்பொருள் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். புளிக்காடியின் அமிலமும் அதுவே. வெளிவந்த அமிலம் மூடிய டப்பாவுக்குள் தங்கி, சிதைவை மேலும் விரைவாக்கும். குளிரூட்டிய அறையில், மிதமான ஈரப்பதத்தில் இருந்தாலே புதிய சுருள் ஏறக்குறைய 40, 50 ஆண்டுகளில் புளிக்கத் தொடங்கிவிடும் என்பது பாதுகாப்பு வல்லுநர்களின் கணக்கு. பகலில் அடுப்பாக மாறும் பேராக் மாநிலத்துத் துத்தநாகக் கூரையின் கீழ் அது என்ன பாடுபட்டிருக்கும் என்பதைத் தனியாகக் கணக்கிட வேண்டியதில்லை. சுருள் சுருங்கி, வளைந்து, ஓரங்கள் அப்பளம்போல் நெளிந்திருந்தன.

இருந்தும் ஆசை விடவில்லை. பழைய படங்களை வட்டில் பதிந்து தருவதாக விளம்பரம் செய்திருந்த ஒரு கடைக்கு அதை எடுத்துச் சென்றேன். அவர்கள் சுருளை வருடும் கருவி வைத்திருக்கவில்லை. பழைய புரொஜெக்டர் ஒன்றில் மாட்டிச் சுவரில் ஓடவிட்டு, அதை வீடியோ கேமராவால் பிடித்தார்கள். சுருங்கிய சுருளின் துளைகள் புரொஜெக்டரின் பற்களுக்குப் பொருந்தாது என்பது அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் அன்று தெரியாது. நாற்பது வினாடி ஓடியது. பிறகு கிழிந்தது. மறுபடி ஒட்டி மாட்டினார்கள், மறுபடி கிழிந்தது. கையில் கிடைத்தது அந்த நாற்பது வினாடி மட்டும்.

அந்த நாற்பது வினாடியில் தோட்டத்து வாசலும், வேலியும், வரிசையாக வெளியே போகும் பெண்களும் தெரிகிறார்கள். தேய்ந்த ஒலித்தடத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒரு தமிழ்க் குரல், "பயமின்றி உங்கள் வேலையைச் செய்யுங்கள்" என்கிறது. வெளிநாட்டுக் காப்பகம் வெளியிட்ட படத்தில் இதே வாசல், இதே வரிசை, இதே வேலிக்கால் மூன்றாவது நிமிடத்தில் வருகின்றன. அங்கே ஆங்கிலக் குரல், அவர்கள் பயமின்றி வேலை செய்கிறார்கள் என்கிறது. படம் ஒன்றே. ஆங்கிலத்தில் அது எங்களைப் பற்றி வேறு யாரிடமோ சொல்லப்பட்ட செய்தி. தமிழில் அது எங்களுக்கு இடப்பட்ட ஏவல். அந்த ஒரு வினைமுற்றின் வேறுபாட்டை மட்டும் வைத்தே ஒருவர் நீண்ட ஆய்வு எழுதலாம். மீதிப் பத்து நிமிடத் தமிழ் என் வீட்டுப் பரணில் புளித்துப்போனது. வெளிநாட்டுக் காப்பகங்களைக் குறை கூறும்போதெல்லாம் இந்த நினைவு வந்து என் வாயை அடைக்கிறது.

சீரமைப்பு என்றால் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் தவறுகள் அங்கேயும் நேர்கின்றன. வினாடிக்கு 24 என்றால் பத்து நிமிடப் படத்தில் 14,400 பிரேம்கள். நல்ல கூடங்களில் சுருளைப் பற்சக்கரத்தில் இழுக்காமல் உருளைகளின் மீது மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு பிரேமையும் தனிப்படமாக எடுக்கிறார்கள். சுருளின் ஒளிவிலகலை ஒத்த திரவத்தில் அதை நனைத்துக்கொண்டே வருடினால் திரவம் கீறல்களை நிரப்பிவிட, கீறல்கள் பெரும்பாலும் மறைந்துபோகும். பிறகு கணினி வேலை. ஒரே பிரேமில் தோன்றி அடுத்த பிரேமில் இல்லாத வெள்ளைப் புள்ளியைத் தூசி என்று மென்பொருள் அடையாளம் கண்டு, முன்பின் பிரேம்களைக் கொண்டு நிரப்பிவிடும். தூசிக்கு அது சரி. மழைத்துளியும் அப்படித்தான் தோன்றும். வெட்டுவாயிலிருந்து மங்குக்குள் விழும் பால்துளியும் அப்படித்தான் தோன்றும். கண்காணிக்கும் மனிதருக்குப் பால்மரம் என்றால் என்னவென்று தெரியாவிட்டால், அந்தத் துளியைக் கணினி துடைத்துவிடும், மரத்தடியில் நிற்கும் பெண் காலி மங்கு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒலியில் ஆகும் வேலைக்கு மதிப்பு அதிகம், பேச்சு குறைவு. இரண்டாம் உலகப் போரில் மனம் சிதைந்த அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றி ஜான் ஹியூஸ்டன் 1946இல் எடுத்த 'லெட் தேர் பி லைட்' படத்தை அமெரிக்க இராணுவமே 30 ஆண்டுகளுக்கும் மேலாக முடக்கி வைத்திருந்தது. 1980களின் தொடக்கத்தில் வெளியே வந்தபோதும் அதன் ஒலி மோசமாக இருந்தது. 2012இல் சீரமைத்து இணையத்தில் இலவசமாக வெளியிட்ட பதிப்பில்தான் அந்த வீரர்கள் தயங்கித் தயங்கி முனகும் சொற்கள் விளங்கின. அப்படிப்பட்ட படத்தில் முனகல்தானே விஷயம்.

எதைத் திருத்தக்கூடாது என்பதில் எனக்குப் பிடித்த முன்மாதிரி பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் செய்தது. நாஜி வதைமுகாம்கள் விடுவிக்கப்பட்ட 1945இல் சிட்னி பெர்ன்ஸ்டீன் தயாரிக்கத் தொடங்கிய ஆவணப்படம், ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக்கின் ஆலோசனையையும் பெற்று, ஆறில் ஐந்து சுருள்கள் உருவான நிலையில் கிடப்பில் போடப்பட்டது. தோற்றுப்போன ஜெர்மானியரோடு இணக்கம் தேவைப்பட்ட நேரத்தில் அப்படியொரு படம் அரசுக்கு இடைஞ்சலாக இருந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அருங்காட்சியகம் மூலக் குறிப்புகளைப் பின்பற்றி ஆறாவது சுருளையும் தொகுத்து, 2014இல் பெர்லின் திரைப்பட விழாவில் முழுப் படத்தையும் காட்டியது. விவரணை புதிதாகப் பேசிப் பதியப்பட்டது. ஆனால் 1945இல் எழுதிய வாசகத்தை அவர்கள் மாற்றவில்லை. அந்த வாசகத்தில் இன்றைய வரலாற்றறிவுக்கு ஒவ்வாத இடங்கள் உண்டு. அவற்றைப் படத்துக்குள் கைவைத்துத் திருத்தாமல், படத்துக்கு வெளியே விளக்கினார்கள்.

இதற்கு நேர்மாறான செயலுக்கு பிரான்ஸ் நாட்டுத் தணிக்கையாளர்கள் பெயர் பெற்றவர்கள். நாஜி வதைமுகாம்களைப் பற்றிய அலென் ரெனேயின் 'நைட் அண்ட் ஃபாக்' 1956இல் வெளியாகும் முன், பிரெஞ்சுக் காவலர் ஒருவர் முகாமைக் காவல் காக்கும் நிழற்படத்தில் அவருடைய தொப்பியின் மேல் ஒரு மரச்சட்டத்தை வரைந்து மறைக்க வைத்தார்கள். மக்களை அந்த முகாம்களுக்கு நாடுகடத்தியதில் பிரெஞ்சுக் கைகளும் இருந்ததை ஒரு தொப்பி காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சம். நிழலானாலும் தொப்பியானாலும், ஆள்பவர்கள் பயப்படுவது மூலையில் கிடக்கும் சிறு பொருளுக்குத்தான் போலும்.

நம் ஊர் நிலவரத்துக்கு வருகிறேன். மலேசியாவில் 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம் திரையரங்குகளுக்கு மட்டும் உரியதன்று. வட்டில் உள்ள படமும் அதன் கண்ணில் படம்தான், தணிக்கை வாரியத்தின் ஒப்புதலின்றி அதை விற்கவோ விநியோகிக்கவோ காட்டவோ கூடாது. இலங்கைப் போரின் இறுதி மாதங்களைப் பற்றிய 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்தை 2013 ஜூலை 3ஆம் நாள் கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் திரையிட்டதற்காக, கோமாஸ் என்ற மனித உரிமை அமைப்பின் பணியாளர் ஒருவர் மீது இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்கப்பட்டது. விடுதலை, மேல்முறையீடு என்று இழுத்த வழக்கில் 2017இல் அவருக்கு 10,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் விதிக்கப்பட்டது. முள்ளிவாய்க்காலைப் பற்றிய படத்தைத் தமிழர் நிறைந்த ஒரு நாட்டில் நான்கு பேர் கூடிப் பார்ப்பது குற்றமாகும்போது, வீட்டு முன்னறை எவ்வளவு பெரிய இடம் என்பது புரிகிறது.

2006இல் அமீர் முகமது எடுத்த 'லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்' (கடைசிக் கம்யூனிஸ்ட்) படத்தின் கதையும் இதே மாநிலத்து மண்ணைச் சேர்ந்தது. சித்தியவானில் பிறந்த மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கின் வாழ்க்கைத் தடத்தைப் பின்பற்றிச் செல்லும் அந்தப் படத்தில் சின் பெங் ஒரு காட்சியில்கூட வருவதில்லை. ஊர் ஊராகப் போய் இன்றைய மனிதர்களிடம் அவரவர் பிழைப்பைப் பற்றிப் பேசுகிறது, நடுநடுவே பாட்டு வேறு. தணிக்கை வாரியம் முதலில் அனுமதித்தது. பத்திரிகை எதிர்ப்புக்குப் பிறகு உள்துறை அமைச்சு தடை விதித்தது. அவசரகாலத்தைப் பற்றி ஆங்கிலேயர் எடுத்த படங்கள் இன்று பளபளவென்று சீரமைக்கப்பட்டு நம் வீட்டுத் திரைக்கு வருகின்றன. அதே காலத்தைப் பற்றி நம் நாட்டவர் எடுத்த படத்துக்கோ தடை. இந்த ஏற்றத்தாழ்வு, பழைய படங்களைக் கொண்டாடும் நம் ஆர்வத்துக்குள் உறுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் 11 நிமிடப் படத்தில் காட்டுக்குள் இருப்பவர்கள் எல்லாருக்கும் கொள்ளைக்காரர் என்று ஒரே பெயர்தான். 1952இல் அரசு அந்தச் சொல்லைக் கைவிட்டுக் கம்யூனிஸ்ட் பயங்கரவாதி என்று மாற்றியதால், விவரணையின் சொல்லை வைத்தே படத்தின் காலத்தை ஓரளவு கணிக்கலாம். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் 1948 ஜூனில் முடக்கப்பட்டதையும், அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டதையும் அந்தக் கனிவான குரல் மறந்தும் சொல்வதில்லை.

வெளிநாட்டு நிறுவனங்கள் வெளியிடும் வட்டுப் பெட்டிகளைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 1969இல் பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் எடுத்த 'ஃபாண்டம் இந்தியா' ஆவணப்படத் தொடர் அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. பி.பி.சி. அதை ஒளிபரப்பியதில் இந்திய அரசு சினமடைந்து, 1970இல் அந்த நிறுவனத்தின் டெல்லி அலுவலகத்தையே மூட வைத்தது. 2007இல் அந்தப் படத்தொடர் அழகிய பெட்டியாக வட்டில் வந்தது. அதில் ஒரு பகுதி முழுவதும் சென்னையைப் பற்றியது; கலாக்ஷேத்திரத்து மாணவிகள் ஆடுகிறார்கள், தேர் நகர்கிறது. அந்தப் பகுதியில் பேசுபவர்களும் பாடுபவர்களும் கத்துபவர்களும் தமிழர்கள். வெளிநாட்டு வாசகருக்கு எழுதிய விளக்கம் அந்த வெளிநாட்டு இயக்குநர் எப்படிப் பார்த்தார் என்பதைச் சொல்லி நிற்கும். பார்க்கப்பட்டவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைச் சொல்ல அதில் ஆள் இருப்பதில்லை. சீரமைத்தவர்களின் உழைப்பில் குறையில்லை. ஆனால் படத்தில் இருப்பவர்களின் வீட்டு முன்னறைக்கும் இந்தப் பெட்டி போகக்கூடும் என்ற எண்ணம் அதைத் தொகுத்தவர்களுக்கு எழுந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே நான் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கினேன். இடப்பக்கம் நிமிடமும் வினாடியும், வலப்பக்கம் அம்மா சொன்னது. முதல் பக்கத்தில் நண்பகல் நிழல் இருக்கிறது. 04:10 என்ற இடத்தில், மரத்தடியில் நிற்கும் பெண் உடுத்தியிருப்பது வேலைக்குப் போகும் கைலியன்று, பெட்டிக்குள் வைத்திருக்கும் நல்ல சேலை என்று எழுதியிருக்கிறேன்; படம் பிடிக்க வருகிறார்கள் என்று தோட்டத்து எழுத்தரான கிராணி முன்கூட்டியே சொல்லியிருப்பார் என்பது அம்மாவின் ஊகம். 05:32இல் வாசலில் பெண்களின் கூடைகளைச் சோதிக்கும் காட்சி. விவரணை அதை இரண்டே சொற்களில் கடந்துவிடுகிறது. அம்மா அதற்கு மட்டும் அரை மணி நேரம் பேசினார். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சோறு போய்விடும் என்பதால் வேலைக்குப் போகும்போது சோறு கொண்டுபோகக் கூடாது. பசியில் வெட்டிவிட்டு வெயில் ஏறித் திரும்ப வேண்டும். அவருடைய அம்மாயி ஒருநாள் முந்தானை முடிச்சில் மரவள்ளிக்கிழங்குத் துண்டை வைத்திருந்து பிடிபட்டு, வாசலிலேயே நிற்க வைக்கப்பட்டார். படத்தில் சோதிக்கும் காவலர் சிரித்துக்கொண்டிருக்கிறார். அதையும் எழுதிவைத்தேன்.

இந்தக் குறிப்புகளில் சிலவற்றை ஆங்கிலத்தில் எழுதி அந்தக் காப்பகத்துக்கு அனுப்பினேன். நன்றி தெரிவித்து மறுமொழி வந்தது. சில வாரங்களில் அந்தப் படத்துக்கான விவரக் குறிப்பில், பால்வெட்டுக் காட்சி நண்பகலில் நடித்துக் காட்டப்பட்டதாகத் தெரிகிறது என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. அதைத் தமிழில் மொழிபெயர்த்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "தெரிகிறதாம்!" என்றார்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை சிம்மோரிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். அம்மாவை விட நான்கு வயது மூத்தவர்; இருவரும் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். 08:47இல் ஓர் ஆயாக்கொட்டகை வருகிறது, வாசலில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அது எங்கள் தோட்டத்துக் கொட்டகைதான், பின்னால் நிற்பது பலாமரம் என்றார் அம்மா. பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு திரைக்கு அருகில் போய்ப் பார்த்தார்.

"ஒனக்கு அப்ப என்னா வயசு? நம்ம கொட்டாய்க்கு எங்கடி பலாமரம் இருந்திச்சி? அது மேல் டிவிஷன் கொட்டாய்."

"நான் அந்தத் தொட்டியில கெடந்தவ, எனக்குத் தெரியாதா?"

"தொட்டிய ஆட்டுனவ நானு."

படத்தை முன்னும் பின்னுமாக ஏழு முறை ஓட்டினோம். தேநீர் ஆறிப்போனது. நோட்டில் 08:47க்கு எதிரே இரண்டு பேர் சொன்னதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறேன். பெரியம்மாவுக்கு அடுத்த மாதம் கண்புரை அறுவை. அது முடிந்ததும் வந்து அந்த மரத்தை இன்னொரு தடவை பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.